மரக்கட்டில் கிறீச்சிடுகிறதா? சத்தத்தின் இடமறிந்து சரிசெய்யும் வழிமுறை

மரக்கட்டிலிலிருந்து கிறீச் என்ற சத்தம் எழுகிறது என்றால், அதில் எங்கோ இரண்டு பரப்புகள் ஒன்றோடொன்று உரசி நகர்கின்றன என்று பொருள். அந்த நகர்வு மயிரிழை அளவே இருக்கலாம். ஆனால் நகர்வு இல்லாமல் சத்தம் இல்லை. அசையாமல் ஒட்டி நிற்கும் பரப்பை முதலில் அசைக்கத் தேவைப்படும் விசை, அது நகரத் தொடங்கிய பிறகு தேவைப்படும் விசையைவிட அதிகம். அதனால் படுத்திருப்பவர் புரளும்போது மூட்டு ஒரு கணம் பிடித்துக்கொண்டு நிற்கிறது, பிறகு சட்டென்று நழுவுகிறது, உடனே மீண்டும் பிடிக்கிறது. இது நொடிக்குப் பல முறை மாறி மாறி நிகழ்வதால் மரம் அதிர்கிறது. கட்டிலின் அகன்ற பலகைகள் அந்த அதிர்வைப் பெரிதாக்கி அறை முழுவதும் பரப்புகின்றன. வயலின் வில் தந்தியை ஒலிக்கச் செய்வதும் இதே பிடிப்பும் நழுவலும்தான்.

இதிலிருந்து தீர்வுகள் இரண்டே வகை என்பது தெளிவாகும். ஒன்று, நகர்வை நிறுத்துவது: போல்ட்டை முறுக்குவது, தளர்ந்த மூட்டை மீண்டும் ஒட்டுவது, இடைவெளியில் மெல்லிய மரத்துண்டு வைப்பது ஆகியவை இதில் அடங்கும். மற்றொன்று, நகர்வை அனுமதித்துவிட்டு உராய்வைக் குறைப்பது: மெழுகு தேய்ப்பது, ஃபெல்ட் துணி ஒட்டுவது போன்றவை. எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். காலும் பக்கச் சட்டமும் சேரும் மூட்டு எடையைத் தாங்கும் மூட்டு. அது அசையவே கூடாது. அங்கே மெழுகு தேய்த்தால் சத்தம் அடங்கும், ஆனால் அசைவு தொடரும். அசையும் மூட்டு நாளுக்கு நாள் தன் துளையைத் தானே பெரிதாக்கிக்கொள்ளும். மாறாக, மெத்தைக்குக் கீழே குறுக்கே கிடக்கும் ரீப்பர்கள் எடை ஏறும்போது வளையத்தான் வேண்டும். அவற்றை எவ்வளவு இறுக்கினாலும் சற்று அசையும். அங்கேதான் மெழுகுக்கும் துணிக்கும் வேலை. தாங்கும் மூட்டை இறுக்குங்கள், வளையும் பரப்பை வழுக்க விடுங்கள் என்ற இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள ஒவ்வொரு படியும் ஏன் சொல்லப்படுகிறது என்பது விளங்கும்.

முதலில் சத்தம் கட்டிலுடையதுதானா என்று பாருங்கள்

மெத்தையைத் தூக்கித் தரையில் போட்டு, அதன் மேல் படுத்து வழக்கம்போல் புரண்டு பாருங்கள். அப்போதும் சத்தம் வந்தால் குற்றம் மெத்தையின் ஸ்பிரிங்கில் இருக்கிறது. கட்டிலைக் கழற்றுவதால் பயனில்லை. மெத்தை அமைதியாக இருந்தால், கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வைத்து மீண்டும் அசைத்துப் பாருங்கள். தலைமாட்டுப் பலகையின் விளிம்பு சுவரில் உரசுவதும், கட்டில் கால் பக்கத்து அலமாரியில் இடிப்பதும் மூட்டுச் சத்தம் போலவே கேட்கும். இந்த இரண்டு சோதனைகளுக்கும் சில நிமிடங்கள் போதும். அவற்றைச் செய்யாமல் ஸ்பேனரை எடுப்பவர்கள் வீணாக உழைக்கிறார்கள்.

சத்தத்தின் இடத்தைக் கண்டுபிடித்தல்

மெத்தை இல்லாத வெறும் கட்டிலில்தான் இந்தச் சோதனை சரியாக அமையும். ஒருவர் கட்டிலை அசைக்க, மற்றொருவர் தேட வேண்டும். அசைப்பதை மூன்று திசைகளில் தனித்தனியாகச் செய்யுங்கள். தலைமாட்டிலிருந்து கால்மாட்டை நோக்கி நீளவாக்கில் தள்ளி இழுக்கும்போது சத்தம் வந்தால், பக்கச் சட்டம் காலோடு சேரும் நான்கு மூலைகளில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். பக்கவாட்டில் அசைக்கும்போது வந்தால் தலைப்பலகை, கால்மாட்டுப் பலகை ஆகியவற்றின் உள் மூட்டுகளைப் பாருங்கள். நேராகக் கீழ்நோக்கி அழுத்தும்போது மட்டும் வந்தால் ரீப்பர்கள், பிளைவுட் பலகை, நடுச்சட்டம் ஆகிய மூன்றில் ஒன்று.

தேடுபவர் காதை மட்டும் நம்பக் கூடாது. மரம் ஒலியை நன்றாகக் கடத்துவதால், இடது கால்மூலையில் பிறந்த சத்தம் வலது தலைமாட்டில் கேட்பது சாதாரணம். கையால் தொட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி. சத்தம் வரும் நேரத்தில் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரல்களை வையுங்கள். விரலின் பாதி ஒரு மரத்திலும் மறுபாதி அடுத்த மரத்திலும் படிந்திருக்கட்டும். உரசும் மூட்டில் நறநறவென்ற சிறு அதிர்வு விரலுக்குத் தெரியும். கைக்கு எட்டாத மூட்டுக்கு ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மரத்தில் ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்கலாம். அப்போது கட்டிலை மிக மெதுவாகவே அசைக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை பென்சில் கோடுதான். சந்தேகத்துக்குரிய மூட்டில், சட்டத்தில் தொடங்கிக் கால்வரை நீளும்படி கூரான பென்சிலால் ஒரு நேர்க்கோடு இழுங்கள். பிறகு கட்டிலை அசைக்கச் சொல்லி, அந்தக் கோட்டை மட்டும் அருகிலிருந்து உற்றுப் பாருங்கள். மூட்டு உறுதியாக இருந்தால் கோடு கோடாகவே இருக்கும். தளர்ந்திருந்தால், இணைப்பில் கோடு உடைந்து, ஒரு பாதி மேலேயும் மறுபாதி கீழேயும் விலகி மீண்டும் சேர்வது கண்ணுக்கே தெரியும். கோடு உடையாமல் சத்தம் மட்டும் வந்தால், நீங்கள் தவறான மூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான்கு மூலைகளிலும் கோடு இழுத்துவிட்டால் எது அதிகம் நகர்கிறது என்று ஒப்பிட்டும் பார்க்கலாம். சரிசெய்த பிறகு அதே கோடு உங்கள் வேலைக்கான சான்றாகவும் அமையும்.

அறிகுறி: விளிம்பில் உட்காரும்போதும் எழும்போதும் சத்தம்

பெரும்பாலான புகார்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. விளிம்பில் உட்காரும்போது முழு எடையும் ஒரு பக்கச் சட்டத்தின் மேல் விழுந்து, சட்டத்தைக் கீழே வளைக்கிறது. சட்டத்தின் இரு முனைகளும் கால்களோடு சேரும் இடத்தில் சுழல முயல்கின்றன. மூட்டு தளர்ந்திருந்தால் அங்கே உரசல் தொடங்கும்.

மூட்டு ஏன் தளர்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும், உலர்ந்தால் சுருங்கும். இழையோட்டத்தின் நீளவாக்கில் இந்த மாற்றம் கவனிக்கத் தேவையில்லாத அளவுக்குச் சிறியது, குறுக்குவாக்கில் அப்படியில்லை. போல்ட் காலின் பருமனைக் குறுக்காகத் துளைத்துச் செல்கிறது. 75 மி.மீ. பருமனுள்ள கால் 1 சதவீதம் சுருங்கினாலே முக்கால் மி.மீ. இடைவெளி உண்டாகிவிடும், போல்ட் இரும்பு, அது சுருங்காது. மேலும், ஈரமான பருவத்தில் மரம் உப்பும்போது போல்ட்டின் தலைக்கு அடியில் இருக்கும் மர இழைகள் நசுங்குகின்றன. நசுங்கிய இழைகள் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. எனவே அடுத்த வறண்ட பருவத்தில் மரம் சுருங்கும்போது மூட்டு முன்பைவிட அதிகமாகத் தளர்ந்திருக்கும். வாங்கியபோது அமைதியாக இருந்த கட்டில் ஓராண்டில் சத்தமிடத் தொடங்குவதற்கு இதுவே முதன்மைக் காரணம். தயாரிப்புக் குறை என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை.

போல்ட் பூட்டிய கட்டிலானால், சத்தமிடும் மூலையை மட்டும் முறுக்கிவிட்டு நிறுத்தாதீர்கள். எல்லா மூலைகளின் போல்ட்டுகளையும் அரைச்சுற்று தளர்த்துங்கள். கட்டிலைத் தன் இடத்தில் நேராக நிறுத்தி, அதன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளவு டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் கட்டில் கோணாமல் நிற்கிறது. வித்தியாசம் இருந்தால், நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளிச் சரிசெய்யுங்கள். அதன் பிறகு ஒரு மூலையைச் சற்று முறுக்கி, அதற்கு எதிர்மூலையைச் சற்று முறுக்கி, இப்படிச் சுற்றிச் சுற்றி இறுக்கத்தை ஏற்றுங்கள். கோணிய நிலையில் இறுக்கிய மூட்டு ஒரு விளிம்பில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். அது சில வாரங்களில் மீண்டும் பேசத் தொடங்கும்.

எவ்வளவு இறுக்குவது? சட்டத்தின் முனை காலோடு முழுவதும் பதிந்து, இணைப்பில் ஒரு தாளைச் செருக முடியாத நிலையே போதுமான இறுக்கம். அதற்கு மேல் முறுக்கினால் வாஷர் மரத்துக்குள் அமிழ்ந்து, முன்னே சொன்னபடி இழைகளை நசுக்கும். வாஷர் ஏற்கெனவே மரத்தில் குழி விழும்படி அமிழ்ந்திருந்தால், அதைவிட அகலமான, தடித்த வாஷரை மாட்டுங்கள். அழுத்தம் பரவி இறுக்கம் நிலைக்கும்.

போல்ட் நன்றாக முறுகிவிட்டது, ஆனால் மூட்டு இன்னும் ஆடுகிறது என்றால் இரண்டு காரணங்களைத் தேடுங்கள். முதலாவது, போல்ட்டின் நுனி துளையின் அடியைத் தொட்டு முட்டி நிற்பது. கைக்கு இறுகியது போலத் தோன்றும், ஆனால் அந்த இறுக்கம் மூட்டுக்குப் போய்ச் சேரவில்லை. போல்ட்டின் தலைக்குக் கீழே கூடுதலாக ஒன்றிரண்டு வாஷர்களை இட்டால் நுனி பின்வாங்கி, மூட்டு இழுபடும். இரண்டாவது, சட்டத்துக்குள் குறுக்கே செருகப்பட்டிருக்கும் உருளை நட்டு சற்றுத் திரும்பிவிடுவது. அதன் முகத்தில் ஸ்க்ரூ டிரைவர் பொருந்தும் ஒரு வெட்டு இருக்கும். நட்டின் துளை எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் அந்த வெட்டே காட்டும். வெட்டைப் போல்ட் வரும் திசைக்கு நேராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, போல்ட்டை முதலில் கையாலேயே சில சுற்று ஏற்றுங்கள். கையால் ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் வலிந்து ஏற்றினால் மறை, அதாவது திருகுப்புரி, கெட்டுவிடும். பிறகு நட்டையே மாற்ற வேண்டிவரும்.

கொக்கித் தகடு கொண்ட கட்டில்களில் சட்டத்தின் முனையிலுள்ள உலோகக் கொக்கிகள் காலிலுள்ள தகட்டின் காடிகளில் இறங்கி உட்காரும். இங்கே பெரும்பாலும் கொக்கி முழுவதும் இறங்காமல் பாதியில் நிற்பதுதான் சிக்கல். சட்டத்தின் மேல் ஒரு பழைய துணியை மடித்து வைத்து, ரப்பர் சுத்தியலாலோ கொட்டாப்புளி எனப்படும் மரச்சுத்தியலாலோ தட்டி இறக்குங்கள். இறங்கிய பிறகும் ஆடினால், கொக்கிக்கும் காடிக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றை வைத்து மீண்டும் இறக்கலாம். தகட்டைப் பிடித்திருக்கும் திருகுகளையும் அப்போதே சோதித்துவிடுங்கள். கொக்கி இறுகியிருந்தும் தகடு ஆடுவது உண்டு.

திருகு சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்கவில்லை என்றால் அதன் துளை பெரிதாகிவிட்டது. இன்னும் பெரிய திருகைப் போட்டுப் பார்க்கத் தோன்றும். அது சில மாதங்களுக்கு உதவும், பிறகு சட்டத்தைப் பிளக்கவும் கூடும். சிறிய துளையானால் மெல்லிய மரக்குச்சிகளில் மரப்பசை தடவித் துளை நிரம்பும்வரை செருகி, வெளியே நீட்டுவதை வெட்டிவிட்டு ஒரு முழு நாள் காயவிடுங்கள். எடை தாங்கும் இடமானால் இது போதாது. துளையை 8 அல்லது 10 மி.மீ. டிரில் பிட்டால் சீராகத் துளைத்து, அதே பருமனுள்ள வலிய மர முளையை (உருண்டையான மரக்குச்சியை) பசையிட்டு அடித்துச் சேர்த்து, காய்ந்த பிறகு அதில் புதிய துளையிடுங்கள். புதிய துளையின் பருமன், திருகின் மறையை நீக்கிவிட்டால் எஞ்சும் நடுத்தண்டின் பருமனுக்குச் சமமாக இருக்க வேண்டும். மரத்துகள்களைப் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு சட்டங்களில் குச்சி முறை நெடுநாள் நிற்காது. அங்கே திருகுக்குப் பதிலாகச் சட்டத்தை முழுவதும் துளைத்துச் செல்லும் போல்ட்டையும் மறுபுறம் அகன்ற வாஷரையும் பயன்படுத்துவதே நல்லது.

பழங்காலக் கழுந்து மூட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இவற்றில் சட்டத்தின் முனை மெலிதாக்கப்பட்டுக் கழுந்தாக அமைந்து, காலின் துளைக்குள் செருகப்பட்டிருக்கும். கழுந்து சுருங்கித் துளைக்குள் ஆடினால், போல்ட்டோ திருகோ இல்லாத அந்த மூட்டில் புதிதாக ஆணி அடிப்பது மிகத் தவறான வேலை. ஆணி ஆட்டத்தை நிறுத்தாது. அடுத்த முறை கழற்றும்போது கழுந்தையே பிளந்துவிடும். சட்டத்தை வெளியே எடுத்து, கழுந்தின் கன்னத்தில், அதாவது அதன் தட்டையான பக்கத்தில், இழைப்புளியால் சீவிய மெல்லிய மரச் சீவலைப் பசையிட்டு ஒட்டுங்கள். சீவலின் இழையோட்டம் கழுந்தின் இழையோட்டத்தோடு ஒரே திசையில் இருக்கட்டும். காய்ந்ததும் உப்புத்தாளால் சிறிது சிறிதாகத் தேய்த்து, கொட்டாப்புளியின் மெல்லிய தட்டுக்கு உள்ளே போகும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். கையால் அழுத்தினாலே சறுக்கிக்கொண்டு போனால் இன்னும் தளர்வு. ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் காலைப் பிளக்கும் ஆபத்து. இந்த நடுநிலையைப் பிடிப்பதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் இப்படிச் சரிசெய்த மூட்டு பல ஆண்டுகள் வாய் திறக்காது.

சீவலைக் கழுந்தில் ஒட்டலாம். ஆனால் கழுந்தைக் காலின் துளைக்குள் ஒட்டிவிடாதீர்கள். பக்கச் சட்டங்கள் கழற்றி மாட்டுவதற்காகவே அப்படி அமைக்கப்பட்டவை. அவற்றை ஒட்டிவிட்டால் கட்டிலைக் கதவு வழியாக வெளியே எடுக்க முடியாமல் அறுக்க நேரிடும்.

அறிகுறி: படுத்துப் புரளும்போது மட்டும் சத்தம்

உட்காரும்போது அமைதி, புரண்டால் கிறீச்சொலி என்றால் ரீப்பர்களைப் பாருங்கள். பக்கச் சட்டத்தின் உட்புறத்தில் நீளமாக ஓடும் தாங்குகட்டையின் மேல் ரீப்பர்களின் முனைகள் உட்கார்ந்திருக்கும். எடை இடம் மாறும்போது ரீப்பர் வளைந்து, அதன் முனை தாங்குகட்டையின் மேல் சிறிது சறுக்கும். ஒவ்வொரு ரீப்பரையும் உள்ளங்கையால் தனித்தனியே அழுத்திப் பார்த்தால் எது பேசுகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் இரண்டு மூன்றுதான் குற்றவாளிகள். தாங்குகட்டையில் ரீப்பர் உரசிய இடம் பளபளப்பாகவோ கறுத்தோ இருப்பதையும் காணலாம்.

இங்கே உராய்வைக் குறைப்பதே தீர்வு. தாங்குகட்டையின் மேற்பரப்பைத் துடைத்து, அதன் முழு நீளத்துக்கும் ஃபெல்ட் பட்டையை ஒட்டுங்கள். ஃபெல்ட் கிடைக்காவிட்டால் பழைய கம்பளித் துணியோ தடித்த பருத்தித் துணியோ போதும்; சிறு ஆணிகளால் பக்கவாட்டில் பொருத்திவிடலாம். துணி வைக்க இடமில்லாத இறுக்கமான காடிகளில் ரீப்பரின் முனைகளில் வெள்ளை மெழுகுவர்த்தியை அழுத்தித் தேயுங்கள். சோப்பைத் தேய்க்கச் சொல்பவர்கள் உண்டு; அது காற்றின் ஈரத்தை ஈர்த்துத் திருகுகளைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. சமையல் எண்ணெயும் கூடாது. முதல் வாரம் அமைதி தரும், பிறகு கெட்டியாகிப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். ஸ்ப்ரே எண்ணெய்களை உலோகக் கீல்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; மரத்தில் ஊறிய எண்ணெய், பின்னால் அந்த இடத்தில் பசை ஒட்டுவதையும் கெடுத்துவிடும்.

ரீப்பர் நகர்ந்து நகர்ந்து ஒரு பக்கம் நழுவும் அளவுக்கு நீளம் குறைவாக இருந்தால், துணி வைத்த பிறகு ஒவ்வொரு முனையிலும் ஒரு திருகு போட்டுப் பிடித்துவிடுங்கள். வளைந்த ரீப்பர்களைப் பிளாஸ்டிக் உறைகளில் செருகும் வகையில் உறை வெடித்திருக்கிறதா என்று பார்த்து மாற்றினாலே வேலை முடியும்.

ரீப்பர்களுக்குப் பதிலாகப் பிளைவுட் பலகைகள் இருந்தால் சத்தம் இரண்டு இடங்களில் பிறக்கும்: பலகை தாங்குகட்டையைத் தொடும் இடம், இரண்டு பலகைகளின் விளிம்புகள் ஒன்றையொன்று தொடும் இடம். முதலாவதற்கு மேலே சொன்ன துணியே போதும். இரண்டாவதற்கு விளிம்புகளை இழைத்து, பலகைகளுக்கிடையே 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். பலகை வளைந்து மூலை தூக்கிக்கொண்டிருந்தால், குவிந்த பக்கம் மேலே வருமாறு திருப்பிப் போட்டுத் திருகுங்கள். மெத்தையின் எடை அதைப் படிய வைக்கும்.

அறிகுறி: கட்டிலின் நடுவில் முனகல்

இருவர் படுக்கும் கட்டிலில் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை ஒரு நடுச்சட்டம் ஓடும். அதற்குக் கீழே ஒன்றோ இரண்டோ தாங்குகால்கள் நிற்கும். கீழே படுத்து அந்தக் கால்களைப் பாருங்கள். மெத்தையைப் போட்ட நிலையில், காலுக்கும் தரைக்கும் இடையே ஒரு தாளைச் செருக முயலுங்கள். தாள் தாராளமாகப் போய்வந்தால் அந்தக் கால் எதையும் தாங்கவில்லை. ஒருவர் படுக்கும்போதுதான் தரையைத் தொட்டுத் திரும்புகிறது. தகுந்த தடிமனுள்ள மரத்துண்டையோ ரப்பர் துண்டையோ காலின் அடியில் ஒட்டி அந்த இடைவெளியை நிரப்புங்கள். திருகி உயர்த்தும் வகைக் காலானால் தரையைத் தொடும்வரை இறக்கி, அதற்கு மேல் கால்சுற்று போதும்.

அளவுக்கு மீறி உயர்த்துவதும் தொல்லைதான். நடுச்சட்டம் பக்கத்துத் தாங்குகட்டைகளைவிட மேலே எழும்பினால், ரீப்பர்கள் நடுவில் ஊன்றிக்கொண்டு இரு முனைகளும் மேலும் கீழும் ஆடும். முன்பு இல்லாத படபடப்பு புதிதாகத் தொடங்கும். ஒரு நேரான மரத்தையோ ரசமட்டத்தையோ குறுக்கே வைத்து, மூன்று தாங்கல்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நடுச்சட்டத்தின் இரு முனைகள் உட்காரும் உலோகத் தாங்கிகளுக்குள்ளும் ஒரு துண்டுத் துணி வையுங்கள்.

அறிகுறி: கட்டில் முழுவதும் ஆடுகிறது, தரையில் தட்டுகிறது

எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றி அழுத்துங்கள். ஒரு கால் எழுந்து அமர்ந்தால் தரை சமமில்லை, அல்லது கட்டில் கோணியிருக்கிறது. மூலைவிட்ட அளவு சரியாக இருந்தால் குறை தரையில்தான். உயரமாக இருக்கும் காலை அறுக்க நினைக்காதீர்கள்; கட்டிலை வேறிடத்துக்கு மாற்றியதும் சிக்கல் தலைகீழாகும். குறையும் காலுக்கு அடியில் ரப்பர் அல்லது ஃபெல்ட் துண்டு ஒட்டினால் போதும்.

அறிகுறி: தலைப்பலகை சாய்ந்து ஆடுகிறது

சாய்ந்து உட்கார்ந்து படிக்கும் பழக்கம் உள்ளவர்களின் கட்டிலில் தலைப்பலகையின் நிமிர்ந்த கம்பங்களும் குறுக்குச் சட்டங்களும் சேரும் ஒட்டு மூட்டுகள் விட்டுப்போகும். இவை கழற்றி மாட்டும் மூட்டுகள் அல்ல, பசையால் நிற்பவை. எனவே இங்கே பசையே தீர்வு, ஆனால் பழைய பசையின் மேல் புதிய பசையை ஊற்றுவது தீர்வாகாது. வெள்ளை மரப்பசை மரத்தின் இழைகளுக்குள் ஊறித்தான் பிடிக்கிறது. காய்ந்து மூடிய பழைய படலத்தில் அது ஊற முடியாது. மூட்டை மெதுவாகத் தட்டிப் பிரித்து, உளியால் பழைய பசையைச் சுரண்டி, வெறும் மரம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். சுரண்டும்போது மரத்தைக் குறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் மெல்லிதாகப் பசை தடவிச் சேர்த்து, கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். நீளமான கிளாம்ப் இல்லையென்றால், கயிற்றைத் தலைப்பலகையைச் சுற்றி இரட்டையாகக் கட்டி, இரு புரிகளுக்கு நடுவே ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் அதே இறுக்கம் கிடைக்கும். கயிறு அழுந்தும் விளிம்புகளில் துணி வைக்க மறக்காதீர்கள். வழியும் பசையை ஈரத் துணியால் உடனே துடைத்துவிட்டு, ஒரு முழு நாள் தொடாமல் விடுங்கள்.

மூட்டு மிகவும் தளர்ந்து இடைவெளி தெரிந்தால் வெள்ளைப் பசை அந்த இடைவெளியை நிரப்பித் தாங்காது. கழுந்துக்குச் சொன்னது போல் சீவல் ஒட்டிப் பருமன் ஏற்றுங்கள், அல்லது இரு பகுதிகளைக் கலந்து பயன்படுத்தும் எபாக்ஸி பசையைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: பெட்டிக் கட்டிலில் உலோகச் சத்தம்

மேல்பலகையைத் தூக்கிப் பொருள் வைக்கும் கட்டில்களில் கீல்களும் தூக்கும் கம்பிகளும் சேர்ந்து ஒலிக்கும். பலகையைத் தூக்கி, வலுவான ஒரு கட்டையை முட்டுக்கொடுத்த பிறகே கையை உள்ளே விடுங்கள். தூக்கும் கம்பியை மட்டும் நம்ப வேண்டாம். கீல்களின் திருகுகளை இறுக்கி, அச்சில் சிறிது கிரீஸ் இடுங்கள். பலகை இறங்கி உட்காரும் விளிம்பில் ஃபெல்ட் ஒட்டினால் மீதமுள்ள சத்தமும் போய்விடும்.

அறிகுறி: யாரும் படுக்காதபோது ஒலி

இரவில் வெப்பம் குறையும்போதும் ஈரம் மாறும்போதும் மரம் டக்கென்று ஒரு முறை ஒலிப்பது உண்டு. அது சரிசெய்ய வேண்டிய குறையல்ல. ஆனால் அமைதியான நேரத்தில் மெல்லிய சுரண்டல் விட்டுவிட்டுத் தொடர்ந்தால் டார்ச் விளக்கோடு சட்டங்களின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். குண்டூசித் தலை அளவுத் துளைகளும், அவற்றுக்கு நேர்கீழே தரையில் மாவு போன்ற தூளும் இருந்தால் மரத்தை வண்டு துளைக்கிறது. ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் குத்திப் பாருங்கள். எளிதாக உள்ளே இறங்கும் சட்டம் எடை தாங்கத் தகுதியற்றது. பூச்சி மருந்து பூசியதும் சிக்கல் தீர்ந்தது என்று விட்டுவிடாமல் அந்தச் சட்டத்தை மாற்றுங்கள், மற்றச் சட்டங்களையும் ஒவ்வொன்றாகக் குத்திச் சோதியுங்கள்.

அறிகுறி: மளார் என்று முறியும் ஒலி

இது உராய்வுச் சத்தம் அல்ல. எடை ஏறும்போது மரம் பிளக்கும் ஒலி. உடனே மெத்தையை இறக்கிவிட்டு, பக்கச் சட்டங்களையும் நடுச்சட்டத்தையும் அடிப்பக்கத்திலிருந்து சோதியுங்கள். வளையும்போது இழுபடுவது அடிப்பக்கம் என்பதால் விரிசல் அங்கேதான் தொடங்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. விரிசல் இழையோட்டத்தோடு நீளவாக்கில் ஓடினால் பசையைச் செலுத்தி, கிளாம்ப் போட்டு, காய்ந்த பிறகு உட்புறமாக அதே அகலமுள்ள நல்ல மரச்சட்டம் ஒன்றைப் பசையும் திருகும் கொண்டு இணைத்து வலுவூட்டலாம். அந்தச் சட்டம் விரிசலின் இரு முனைகளையும் கடந்து குறைந்தது 30 செ.மீ. நீள வேண்டும். விரிசல் இழைகளைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போயிருந்தாலோ, ஒரு கணுவின் வழியாகப் போயிருந்தாலோ ஒட்டு வேலை செய்யாதீர்கள், சட்டத்தையே மாற்றுங்கள். புதிய சட்டம் செய்து வரும்வரை மெத்தையைத் தரையில் போட்டுப் படுங்கள்.